மாதம் 166 ரூபாய்

குடியரசு தின அணிவகுப்பை டிவியில் பார்ப்பவர்களில் இரண்டு வகை உண்டு. பீரங்கி, ஏவுகணை, சாகச விமானம் எல்லாம் முடிகிறவரை அசையாமல் உட்கார்ந்திருப்பவர்கள் முதல் வகை. 'நம்ம ஊர் வண்டி வந்துடுச்சா?' என்று சமையலறையிலிருந்து குரல் கொடுப்பவர்கள் இரண்டாம் வகை. இரண்டு தரப்புமே பெரும்பாலும் கோட்டைவிடுகிற காட்சி ஒன்று, ஆரம்பத்திலேயே வந்து போய்விடும். அணிவகுப்புத் தளபதி கடந்து போன கையோடு சில திறந்த ஜீப்புகள் வரும். அவற்றில் சிலர் சல்யூட் அடித்தபடி போவார்கள். ஒரு சிலரின் மார்பில் மட்டும் ஊதா நிற ரிப்பன். அதன் நுனியில், தூரத்திலிருந்து பார்த்தால் பழைய காசு மாதிரி தெரிகிற ஒரு வெண்கல வட்டம்.

பரம் வீர் சக்ரா. போர்க்களத்தில் காட்டிய வீரத்துக்காக இந்த தேசம் தருகிற ஆகப்பெரிய விருது. அதற்கு மேல் கொடுக்க ஒன்றும் கிடையாது.

ஜீப்பில் அந்த மெடலோடு வருகிறவர்கள் அதிகபட்சம் மூன்று பேர்தான். ஏனென்றால் நூற்று நாற்பது கோடி பேர் இருக்கிற நாட்டில், அந்த விருதை வாங்கிவிட்டு இன்னும் உயிரோடு இருப்பவர்களே மூன்று பேர்தான். பானா சிங். யோகேந்திர சிங் யாதவ். சஞ்சய் குமார்.

கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1950-ல் உருவாக்கப்பட்டு, 1947 ஆகஸ்ட் 15 முதலே செல்லும் என்று முன்தேதியிட்டு அறிவிக்கப்பட்ட விருது இது. இதுவரை வாங்கியவர்கள் 21 பேர். அதில் 14 பேருக்கு இறந்தபிறகு. மனைவியோ, அம்மாவோ, அப்பாவோ போய்க் கைநீட்டி வாங்கிக்கொண்டு வந்தார்கள். மிச்சம் ஏழு பேர். அவர்களில் நான்கு பேர் காலமாகிவிட்டார்கள். 2005 செப்டம்பரிலிருந்து எண்ணிக்கை மூன்றிலேயே நிற்கிறது. 1999 கார்கில் யுத்தத்துக்குப் பிறகு யாருக்கும் இந்த விருது கொடுக்கப்படவில்லை.

செத்துப்போன வீரரை என்ன செய்வதென்று நமது அரசாங்கங்களுக்கு நன்றாகத் தெரியும். சிலை வைக்கலாம். தெருவுக்குப் பேர் வைக்கலாம். தபால் தலை வெளியிடலாம். 1987 நவம்பர் 25 அன்று யாழ்ப்பாணத்தில், அமைதிப்படையில் இருந்தபோது இறந்துபோன மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் நினைவிருக்கிறதா? பம்பாயில் பிறந்த தமிழர். பரம் வீர் சக்ரா பெற்றவர். சென்னை ஆற்காடு சாலையில் ராணுவத்தினருக்கான குடியிருப்பு ஒன்று பரமேஸ்வரன் விஹார் என்று அவர் பெயரில்தான் இருக்கிறது. எண்பதுகளில் இந்தியக் கப்பல் கழகம் தன்னுடைய கச்சா எண்ணெய்க் கப்பல்களுக்கு வரிசையாக பரம் வீர் சக்ரா வீரர்களின் பெயரை வைத்தது. தூர்தர்ஷனில் சேத்தன் ஆனந்த் ஒரு தொடரே எடுத்தார். எல்லாம் சரியாகத்தான் நடந்தது.

உயிரோடு திரும்பி வந்துவிடுகிற ஆசாமிதான் பேஜார். அவருக்கு வீடு வேண்டும். பிள்ளைக்கு ஃபீஸ் கட்டவேண்டும். முட்டி வலிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, மாசா மாசம் ஒண்ணாம் தேதி வரும்.

இந்த மெடலின் வடிவத்திலேயே அந்தச் சிக்கல் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். வடிவமைத்தவர் சாவித்ரி கனோல்கர். பேரைப் பார்த்து புனேக்காரம்மா என்று நினைத்துவிடாதீர்கள். பிறந்தது ஸ்விட்சர்லாந்தில். அப்பா ஹங்கேரிக்காரர், அம்மா ரஷ்யர். இயற்பெயர் ஈவ். இங்கிலாந்தில் ராணுவப் பயிற்சியில் இருந்த விக்ரம் கனோல்கர் என்கிற மராட்டிய இளைஞரைக் காதலித்து, கடல் கடந்து வந்து, 1932-ல் கல்யாணம் செய்துகொண்டு, இந்து மதத்துக்கு மாறி, மராத்தி, சமஸ்கிருதம் எல்லாம் கற்று, புராணங்களைக் கரைத்துக் குடித்தவர். புதிய இந்தியாவுக்குப் புதிய மெடல்கள் வேண்டும், பிரிட்டிஷ்காரன் வாசனையே அடிக்கக்கூடாது என்று முடிவானபோது, அந்தப் பொறுப்பில் இருந்த மேஜர் ஜெனரல் ஹீரா லால் அடல் இந்த அம்மாவைத்தான் தேடிப் போனார்.

சாவித்ரி தேர்ந்தெடுத்தது ததீசி முனிவர் கதை. விருத்திராசுரனைக் கொல்ல ஆயுதம் வேண்டும். எந்த உலோகமும் சரிப்படாது. ஒரு மகாமுனிவரின் எலும்பில்தான் செய்யமுடியும். தேவர்கள் போய்க் கேட்கிறார்கள். ததீசி உயிரை விட்டு எலும்பைக் கொடுக்கிறார். இந்திரனுக்கு வஜ்ராயுதம் கிடைக்கிறது. அந்த வஜ்ரம்தான் நான்கு முறை வெண்கலத்தில் பொறிக்கப்பட்டு, நடுவே சிங்க முத்திரையோடு பரம் வீர் சக்ராவாக இருக்கிறது. அருமையான தேர்வுதான். ஆனால் கதைப்படி ததீசி பிழைப்பதில்லை.

முதல் மெடல் யாருக்குப் போனது என்று பாருங்கள். 1947 நவம்பர் 3, ஸ்ரீநகர் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் பட்காம். ஒரு கையில் மாவுக்கட்டோடு சண்டை போட்டு இறந்த மேஜர் சோம்நாத் சர்மா. சாவித்ரியின் மூத்த மகளுடைய கணவருக்கு இவர் கூடப் பிறந்த அண்ணன். வெளியார் யாருக்கோ என்று நினைத்துச் செய்த மெடல், சம்பந்தி வீட்டுக்கே போனது.

ததீசி போலப் போகாமல் திரும்பிய ஏழு பேரில் முதல் இருவர் 1948 காஷ்மீர் சண்டைக்காரர்கள். லான்ஸ் நாயக் கரம் சிங், இரண்டாம் உலகப்போரிலேயே பிரிட்டிஷ் அரசிடம் மெடல் வாங்கியவர். தித்வால் பகுதியில் திரும்பத் திரும்ப வந்த தாக்குதல்களைச் சிறு படையோடு தாங்கிப் பிடித்தார். இன்னொருவர், செகண்ட் லெப்டினன்ட் ராமா ரகோபா ராணே. கார்வார் பக்கத்துக்காரர். இவர் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். காரணம், இவருக்கு விருது கொடுத்தது யாரையும் சுட்டதற்காக இல்லை. ரோடு போட்டதற்காக.

நௌஷேராவிலிருந்து ரஜௌரி போகவேண்டும். வழியெல்லாம் கண்ணிவெடி. வெட்டிச் சாய்த்த பைன் மரங்கள். இரண்டு பக்க மலையிலிருந்தும் குண்டுமழை. ராணே இன்ஜினியர் படைப்பிரிவைச் சேர்ந்தவர். முதல் நாளே தொடையில் காயம். ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன் என்று விட்டார். முன்னால் போகும் டாங்கியின் அடியில் ஊர்ந்து புகுந்துகொண்டு, டாங்கி நகர நகரக் கூடவே நகர்ந்து, கையிலிருக்கும் கயிற்றை இழுத்து டிரைவருக்கு 'நில்', 'போ' என்று சிக்னல் கொடுத்துக்கொண்டே போனார். 1948 ஏப்ரல் 8 தொடங்கி நான்கு நாள் இந்தக் கூத்து. பாதை திறந்தது. 1994 வரை இருந்தார்.

மூன்றாமவர் கதை சினிமாவில் வந்தால் 'ரீல் விடறான்' என்பீர்கள்.

மேஜர் தன்சிங் தாபா. கூர்க்கா ரைஃபிள்ஸ். 1962 அக்டோபர் 20, லடாக்கில் பாங்காங் ஏரிக்கு வடகரையில் ஸ்ரீஜாப் என்கிற புறக்காவல் நிலை. 28 பேரோடு இருந்தார். சீனர்கள் பீரங்கியால் அடித்து, கூட்டம் கூட்டமாக வந்து, கடைசியில் டாங்கியையும் கொண்டு வந்தார்கள். தோட்டா தீர்ந்ததும் தாபா குக்ரியை உருவிக்கொண்டு பதுங்குகுழியிலிருந்து வெளியே பாய்ந்தார். அதோடு தகவல் அறுந்துவிட்டது. ஆள் போய்விட்டார் என்று ராணுவம் முடிவுகட்டியது. மரணத்துக்குப் பிந்தைய பரம் வீர் சக்ரா அறிவிக்கப்பட்டது. வீட்டில் காரியங்கள் செய்து முடித்தார்கள். மனைவி விதவைக் கோலம்.

ஆனால் மனிதர் சீனச் சிறையில் இருந்தார். போர்க்கைதி. 1963 மே மாதம் விடுதலையாகி ஊருக்கு வந்து சேர்ந்தார். சந்தோஷம்தான். ஆனால் சாஸ்திரம் என்று ஒன்று இருக்கிறதே? காரியம் செய்யப்பட்டவன் எப்படி வீட்டுக்குள் நுழைவது? புரோகிதர் வந்தார். மொட்டை அடித்தார்கள். குழந்தைக்குச் செய்வதுபோல் பெயர் சூட்டும் சடங்கு செய்தார்கள். விதவையாக வாழ்ந்துவிட்ட மனைவியை மறுபடியும் ஒருமுறை முறைப்படி கல்யாணம் செய்துவைத்தார்கள். அதன்பிறகுதான் தன்சிங் தாபா தன் வீட்டுக்குள் தன்சிங் தாபாவாக நுழைய முடிந்தது. 2005-ல் காலமானார்.

நான்காமவர் 1971-ன் மேஜர் ஹோஷியார் சிங். பசந்தர் நதிப் போர். உடம்பெல்லாம் காயத்தோடு, போர் நிறுத்தம் வரும்வரை இடத்தைவிட்டு நகர மறுத்தவர். 1998 டிசம்பரில் காலமானார். கார்கில் சண்டை வருவதற்கு ஐந்து மாதம் முன்னால்.

கார்கில் என்றதும் எல்லைக்கு அந்தப்பக்கமும் ஒரு கண் போடவேண்டும். பாகிஸ்தானின் மிகப்பெரிய ராணுவ விருது நிஷான்-ஏ-ஹைதர். அதில் நம்மூர் சிக்கலே கிடையாது. இதுவரை வாங்கிய அத்தனை பேரும் இறந்தபிறகு வாங்கியவர்கள். உயிரோடு ஒருவர்கூட இல்லை. கார்கிலில் அந்த விருது பெற்ற இருவரில் ஒருவர் கர்னல் ஷேர் கான். (கர்னல் என்பது அவர் பதவி இல்லை, பெயர். பதவி கேப்டன்!) டைகர் ஹில் பகுதியில் அவர் போட்ட சண்டையைப் பார்த்து அசந்துபோன நமது பிரிகேடியர் எம்.பி.எஸ். பாஜ்வா, உடலைத் திருப்பி அனுப்பும்போது, இந்த ஆள் மிகத் துணிச்சலாகப் போரிட்டார், உரிய மரியாதை செய்யுங்கள் என்று ஒரு சீட்டு எழுதிப் பாக்கெட்டில் வைத்து அனுப்பினார். எதிரி கொடுத்த சான்றிதழ்.

அதே டைகர் ஹில். 1999 ஜூலை 3-ம் தேதி நள்ளிரவு தாண்டிய நேரம். 18 கிரனேடியர்ஸ் படையின் 'காதக்' கமாண்டோக்கள் செங்குத்தான பனிப்பாறையில் கயிறு கட்டி ஏறிக்கொண்டிருந்தார்கள். முன்னால் போய்க் கயிறு கட்டியவர் யோகேந்திர சிங் யாதவ். உத்தரப் பிரதேசம், புலந்த்ஷெஹர் மாவட்டத்துப் பையன். அப்பாவும் ராணுவம். வயது 19. நம் வீடுகளில் அந்த வயதுப் பையன் செகண்ட் இயரில் அரியர்ஸ் வைத்துக்கொண்டிருப்பான்.

பாதி ஏறியபோதே மேலேயிருந்து சுட்டுவிட்டார்கள். தோளிலும் இடுப்புக்குக் கீழேயும் குண்டுகள். ஏறினார். தவழ்ந்துபோய் எறிகுண்டு வீசி முதல் பதுங்குகுழியை அழித்தார். பின்னால் வந்தவர்கள் ஏற வழி கிடைத்தது. அரசாங்கக் குறிப்பில் இருப்பது இந்த அளவு. மிச்சத்தை அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். கூட இருந்த ஆறு பேரும் விழுந்துவிட்டார்கள். இவர் பிணம்போல் கிடந்தார். எதிரிகள் வந்து, செத்துவிட்டானா என்று பார்ப்பதற்காக ஒவ்வொரு உடம்பிலும் இன்னொரு முறை சுட்டுக்கொண்டு போனார்கள். இவர் நெஞ்சைப் பார்த்தும் ஒரு குண்டு. சட்டைப்பையில் பர்ஸ். பர்ஸில் ஐந்து ரூபாய் நாணயங்கள். குண்டு அதில் பட்டது. தொங்கிப்போன கையை பெல்ட்டுக்குள் செருகிக்கொண்டு, ஓடைப் பள்ளத்தில் உருண்டு கீழே வந்து, எதிரிகள் அடுத்து எங்கே தாக்கப்போகிறார்கள் என்று தன் காதில் விழுந்ததைச் சொல்லிவிட்டுத்தான் மயங்கினார்.

ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி விருதுகள் அறிவிக்கப்பட்டன. யோகேந்திர சிங் யாதவுக்குப் பரம் வீர் சக்ரா. மரணத்துக்குப் பின்!

அவரோ ஆஸ்பத்திரிப் படுக்கையில் உயிரோடு. என்ன நடந்ததென்றால், அதே படையில் அதே பெயரில் இன்னொரு யோகேந்திர சிங் யாதவ் இருந்திருக்கிறார். அவர் அந்தச் சண்டையில் இறந்துவிட்டார். இரண்டு பேரும் ஒன்றாகக் கலந்துபோனார்கள். பிறகு திருத்தினார்கள். தாபாவுக்கு 37 வருடம் கழித்து அதே தவறு. இந்த விருது என்றாலே ஆள் செத்துத்தான் இருக்கவேண்டும் என்று கை தானாக எழுதிவிடுகிறதோ என்னவோ. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், அந்த இன்னொரு வீட்டில் அன்றைக்கு என்ன நினைத்திருப்பார்கள்?

டைகர் ஹில்லில் இது நடந்த அதே ஜூலை 4-ம் தேதி, முஷ்கோ பள்ளத்தாக்கில் சஞ்சய் குமார். ஹிமாசல பிரதேசம், பிலாஸ்பூர் மாவட்டம். ராணுவத்தில் சேர மூன்று தடவை விண்ணப்பம் போட்டு மூன்று தடவையும் நிராகரித்துவிட்டார்கள். டெல்லியில் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தார். நான்காவது முறை எடுத்துக்கொண்டார்கள். பாயின்ட் 4875 என்கிற மலையில், நேராக எதிரியின் பதுங்குகுழியை நோக்கி ஓடி, நெஞ்சிலும் முழங்கையிலும் குண்டு வாங்கிக்கொண்டு, கைகலப்பில் மூன்று பேரைச் சாய்த்து, அடுத்த குழியிலிருந்தவர்கள் போட்டுவிட்டு ஓடிய இயந்திரத் துப்பாக்கியையே எடுத்து அவர்களைச் சுட்டவர். மூன்று நாள் கழித்து அதே மலையில், அதே பட்டாலியனைச் சேர்ந்த கேப்டன் விக்ரம் பத்ரா இறந்துபோனார். அவருக்கும் பரம் வீர் சக்ரா. பத்ராவைப் பற்றி 2021-ல் 'ஷேர்ஷா' என்று படம் வந்து நாடே அழுதது. சஞ்சய் குமாரைத் தெருவில் பார்த்தால் நம்மில் எத்தனை பேருக்கு அடையாளம் தெரியும்?

இப்போது மூவரில் மூத்தவருக்கு வருவோம்.

பானா சிங். 1949 ஜனவரி 6-ல் பிறந்தவர். ஜம்முவில் ஆர்.எஸ்.புரா பகுதி, கட்யால் கிராமம். பாஸ்மதி அரிசிக்குப் பேர் போன ஏரியா. பாகிஸ்தான் எல்லை கூப்பிடு தூரம். விவசாயக் குடும்பம். சரியாக இருபதாவது பிறந்தநாளில் ராணுவத்தில் சேர்ந்தார்.

1987-ல் அவருக்கு வயது 38. பதவி, நாயப் சுபேதார். இடம், சியாச்சின். அங்கே ஒரு சிகரத்தின் உச்சியில் பாகிஸ்தான் காவல் நிலை ஒன்று இருந்தது. உயரம் சுமார் 21,000 அடி. ஜின்னா நினைவாக 'காயித்' என்று பேர் வைத்திருந்தார்கள். அங்கே உட்கார்ந்தால் சுற்றியிருக்கும் நமது நிலைகள் எல்லாம் மொட்டைமாடியிலிருந்து தெருவைப் பார்ப்பது மாதிரி தெரியும். நமது ஆட்களுக்குச் சாப்பாடே ஹெலிகாப்டரில்தான் வரவேண்டும். அந்த ஹெலிகாப்டரும் தெரியும். ஏப்ரல் 18 அன்று மேலேயிருந்து சுட்டதில் இரண்டு வீரர்கள் இறந்தார்கள். இதற்கு மேல் பொறுக்கமுடியாது, பிடித்தே ஆகவேண்டும் என்று முடிவானது.

எப்படிப் பிடிப்பது? மூன்று பக்கமும் 1,500 அடிக்குச் செங்குத்தான ஐஸ் சுவர். மே 29 அன்று செகண்ட் லெப்டினன்ட் ராஜீவ் பாண்டே தலைமையில் ஒரு சிறு குழு ஏறிப் பார்த்தது. மேலிருந்தவர்கள் கண்டுகொண்டார்கள். பாண்டேயும் அவரோடு போனவர்களில் பெரும்பாலானவர்களும் இறந்துபோனார்கள். ஆனால் அதற்குள் சுவரில் கயிறு கட்டியிருந்தார்கள். அடுத்த நடவடிக்கைக்கு 'ஆபரேஷன் ராஜீவ்' என்று இந்தப் பையன் பெயரைத்தான் வைத்தார்கள். அப்போது பிரதமராக இருந்த ராஜீவின் பெயர் என்று இன்றும் சிலர் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மேஜர் வரிந்தர் சிங் தலைமையில் 62 பேர். ஜூன் 23 இரவு கிளம்பினார்கள். பாண்டே கட்டிய கயிறுகள் பனிக்குள் புதைந்துவிட்டன, கிடைக்கவில்லை. திரும்பினார்கள். மறுபடி தேடிப் பிடித்து ஏறினார்கள். குளிரில் துப்பாக்கி உறைந்து சுட மறுத்தது. அந்த உயரத்தில் நான்கு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும். மூன்று நாள் ஆகியும் உச்சியைத் தொட முடியவில்லை. ஜூன் 26 அன்று, கடைசி முயற்சியாக பானா சிங்கும் நான்கு பேரும். சுனி லால், லட்சுமண் தாஸ், ஓம் ராஜ், காஷ்மீர் சந்த். யாரும் இந்த வழியில் வரமாட்டார்கள் என்று எதிரி நம்பிக்கொண்டிருந்த, ரொம்பக் கஷ்டமான வழியில் ஏறினார்கள். பட்டப்பகல். ஆனால் கண் தெரியாத பனிப்பொழிவு. அதுவே திரையாக அமைந்தது.

உச்சியில் இருந்தது ஒரே ஒரு பதுங்குகுழி. பானா சிங் கதவைத் திறந்து ஒரு எறிகுண்டை உள்ளே போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். அவ்வளவுதான். வெளியே இருந்தவர்களோடு துப்பாக்கிக் கத்தியால் சண்டை. சிலர் அந்தப் பக்கம் குதித்துவிட்டார்கள். காயித், 'பானா டாப்' ஆனது. 1988 குடியரசு தினத்தில் பரம் வீர் சக்ரா. அதே வருடப் பட்டியலில்தான் நமது பரமேஸ்வரனும் இருந்தார்.

2000-ல் பானா சிங் கௌரவ கேப்டனாக ஓய்வு பெற்று ஊருக்கு வந்தார். அப்புறம்தான் அந்த நம்பர் வருகிறது.

நான் பி.காம். படித்தவன். கணக்கைக் கணக்காகத்தான் சொல்லத் தெரியும். ராணுவ பென்ஷன் மத்திய அரசுடையது. அது வந்தது. விருதுக்கென்று மத்திய அரசு தரும் மாதப்படி தனி. அதுவும் வந்தது. (இன்று அது 20,000. 2017-ல்தான் பத்தாயிரத்திலிருந்து இரட்டிப்பானது.) இவை போக, தன் மண்ணில் பிறந்த வீரனுக்கு மாநில அரசும் ஏதாவது தரும். எவ்வளவு என்பது அந்தந்த மாநிலத்தின் இஷ்டம். மத்திய அரசு இதில் தலையிடுவதில்லை. பக்கத்திலிருக்கும் பஞ்சாபும் ஹிமாசல பிரதேசமும் தங்கள் பரம் வீர் சக்ரா வீரர்களுக்கு மாதம் பத்தாயிரத்துக்கு மேல் தந்துகொண்டிருந்தன.

ஜம்மு காஷ்மீர் அரசு பானா சிங்குக்குத் தந்தது, மாதம் 166 ரூபாய்.

நூற்றி அறுபத்தி ஆறு. சைபர் எதுவும் விட்டுப்போகவில்லை. வருடத்துக்கு 1,992 ரூபாய். ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட ஐந்தரை ரூபாய். இரண்டு டீ. கட்யாலிலிருந்து ஜம்முவுக்குப் போய் வர பஸ் சார்ஜுக்கு எடுத்து வைத்தால் டீயும் கிடையாது. 21,000 அடி உயரத்தில் ஒரு சிகரத்தைப் பிடித்துக் கொடுத்து, அந்தச் சிகரத்துக்குத் தன் பெயரையே வைத்துவிட்டு வந்தவருக்கு, அந்தச் சிகரத்தின் சொந்த மாநிலம் கொடுத்த தொகை இது. தரமாட்டேன் என்று சொல்லியிருந்தாலாவது கௌரவமாக இருந்திருக்கும். 166 ரூபாய்க்கு ஒரு ஃபைல், ஒரு கையெழுத்து, ஒரு ரெவின்யூ ஸ்டாம்ப்.

இதில் யாரோ ஒரு வில்லன் இருப்பதாக நான் நினைக்கவில்லை. என்றைக்கோ ஒரு தொகை நிர்ணயித்திருப்பார்கள். அதன்பிறகு அதைத் தொட யாருக்கும் காரணம் இருந்திருக்காது. மாநிலம் முழுவதற்கும் அந்த ஃபைலில் இருப்பது ஒரே ஒரு ஆள். ஒரு ஆளுக்காக ஓட்டு மாறுமா? கொடி பிடிப்பார்களா? செத்தவருக்காவது வருடத்துக்கு ஒருமுறை நினைவு நாள் வரும். மந்திரி மாலையோடு போவார், பக்கத்தில் நிற்கும் கலெக்டர் எதையாவது குறித்துக்கொள்வார். இருப்பவருக்கு அதுவும் இல்லை.

பானா சிங் வாயைத் திறந்தார். பக்கத்து மாநிலங்களைப் பாருங்கள் என்றார். செய்தி பரவியது. பஞ்சாப் அரசு முந்திக்கொண்டது. எங்கள் மாநிலத்துக்குக் குடிவந்துவிடுங்கள், லட்சங்களில் ரொக்கமும் நிலமும் தருகிறோம் என்று அழைப்பு விடுத்தது. சீக்கியர், பஞ்சாபி பேசுகிறவர், உறவுக்கும் பஞ்சமிருக்காது. வண்டி கட்டிக்கொண்டு போயிருந்தால் யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள்.

மாட்டேன் என்று சொல்லிவிட்டார். நான் ஜம்மு காஷ்மீர்க்காரன்.

அதன்பிறகுதான் சொந்த மாநிலத்துக்கு உறைத்தது. 2006 அக்டோபரில் குலாம் நபி ஆசாத் அரசு பத்து லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தது. 2007 மார்ச்சில் பணம் கைக்கு வந்தது. விருது வாங்கிப் பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது. ஆர்.எஸ்.புராவில் ஒரு ஸ்டேடியத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள். 2010-ல் அதை மேம்படுத்த ஐம்பது லட்சம் என்றார்கள். 2013-ல் பத்திரிகைக்காரர்கள் போய்ப் பார்த்தபோது பணமும் வந்திருக்கவில்லை, ஸ்டேடியமும் பார்க்கும்படி இல்லை. 2023 ஜனவரி 23 அன்று அந்தமானில் பெயரில்லாமல் இருந்த 21 தீவுகளுக்கு 21 பரம் வீர் சக்ரா வீரர்களின் பெயரைச் சூட்டினார்கள். ஆக, பானா சிங் பெயரில் இன்று ஒரு சிகரம், ஒரு ஸ்டேடியம், ஒரு தீவு.

மாநிலங்கள் தரும் தொகை இப்போது எவ்வளவோ ஏறிவிட்டது. ஒரே தவணையில் கோடி ரூபாய்க்கு மேல் தருகிற மாநிலங்கள் இருக்கின்றன. ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் வித்தியாசம் மட்டும் அப்படியே இருக்கிறது. ஒரே மலையில், ஒரே நாளில், ஒரே மெடலுக்காகச் சண்டை போடுகிற இரண்டு பேரில், யார் எந்த மாவட்டத்தில் பிறந்தார் என்பதை வைத்துத் தொகை மாறும். எல்லோருக்கும் ஒரே அளவு என்று ஒரு சட்டம் போட ஒரு மதியம் போதும். ஆளுக்கொரு தொகை என்பதால் வருகிற செலவைவிட அது ஒன்றும் பெரிதாக இருக்காது. மொத்தமே மூன்று பேர்.

அந்த ஜூன் 26 அன்று பானா சிங்கோடு ஏறிய நான்கு பேரில் சுனி லால் என்று ஒருவரைச் சொன்னேன் இல்லையா? சியாச்சினுக்காக அவருக்கு சேனா மெடல் கிடைத்தது. 1999-ல் இன்னொரு சண்டையில் வீர் சக்ரா. ஓய்வு பெறவில்லை, ராணுவத்திலேயே தொடர்ந்தார். பானா சிங் பணத்தை வாங்கிக்கொண்ட அதே 2007-ல், குப்வாராவில் தீவிரவாதிகளோடு நடந்த சண்டையில் இறந்துபோனார். போர் இல்லாத காலத்து வீரத்துக்கான உச்ச விருதான அசோக சக்ரா, மரணத்துக்குப் பின் கிடைத்தது. நாயப் சுபேதார் சுனி லால் இறந்த தேதி ஜூன் 24. பானா டாப்பைப் பிடித்து இருபது வருடம் ஆக இன்னும் இரண்டு நாள் இருந்தது.